பட்டிழை கட்டிய தடம்

மரம் ஏற்றும் லாரிக்கு வழி பார்த்துச் சொல்வது ஒரு வேலை என்றால் என் மருமகள் நம்ப மாட்டாள். “அதுக்குன்னு ஒரு ஆளா மாமா?” என்று சிரிப்பாள். ஒரு ஆள்தான். அந்த ஆள் நான்தான். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருஷம் காஞ்சிபுரத்தில் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் அந்த வேலையைத்தான் செய்தேன். சுற்று வட்டாரத்து ஏரிகளுக்குள் வளர்ந்து நிற்கும் கருவேல மரங்களை அவர் ஏலம் எடுப்பார். கோடையில் ஏரி காய்ந்ததும் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டும். லாரி எங்கே இறங்கும், எங்கே திரும்பும், எந்த இடத்தில் சக்கரம் புதையும் என்று முன்னதாகவே போய்ப் பார்த்து, கழி நட்டு, சுண்ணாம்பு போட்டு வைப்பது என் பொறுப்பு. எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த வயதில் மேஸ்திரி என்று கூப்பிட்டால் நடையே மாறிவிடும். எனக்கும் மாறியிருந்தது.

எங்கள் வீடு தறி வீடு. அப்பா குழித்தறியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கு அந்தக் குழி ஆகவில்லை. இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிடும். பட்டின் மேல் கோபப்பட்டு என்ன பயன்? ஒரு நாள் எழுந்து வெளியே வந்தவன் மறுபடி இறங்கவே இல்லை. ஊரில் சாயம் போடுகிற வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் சூளைகளுக்கும் விறகு போய்க்கொண்டே இருந்த காலம். விறகுக்காரரிடம் வேலை கேட்டேன், கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு ஏரியைப் பற்றி. தென்னேரிக்குப் போகும் பக்கம் அது. பெயர் வேண்டாம். அந்த ஊரில் என்னை இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்கள் ஞாபகம் வைத்திருக்கும் காரணமும் எனக்குத் தெரியும்.

சித்திரை மாதம். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டை வழியாகப் போய், பஸ் ரோட்டை ஒட்டிய கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே பார்த்தேன். ஏரி முழுக்கக் கருவேலம். நட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். தரையெல்லாம் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. எதிர்க்கரையில் ஒரு சின்ன ஊர், அதை ஒட்டி ஒரு மடு. நல்ல மரங்கள் எல்லாம் ஏரியின் நடுவில் இருந்த மேட்டைச் சுற்றித்தான் நின்றன. லாரி அங்கே போக வேண்டும்.

வடகரையை ஒட்டி ஒரு வழி இருந்தது. நல்ல கெட்டித் தரைதான். ஆனால் பெரிய சுற்று. வழியெல்லாம் ஈச்சம்புதர், நடுவில் பாறை. புதரை வெட்டி ஒழுங்கு பண்ணவே இரண்டு வாரம் பிடிக்கும் என்று முதலாளியிடம் சொன்னால் முகம் சுருங்கும். வேறு வழி இருக்கிறதா என்று மரங்களுக்குள் நடந்து பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

மரங்களுக்கு நடுவே நேராக ஒரு வெளி. ஒரு லாரி தாராளமாகப் போகும் அகலம். ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது, யாரோ பெருக்கி வைத்தது போல் சுத்தம். கரையில் தொடங்கி மேட்டை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் வரைக்கும் போனது. இரண்டு பக்கத்து மரங்களிலும் ஆள் உயரத்துக்கு மேலே கிளைகளில் நூல் கட்டியிருந்தது. இடது பக்கம் முழுக்க அரக்கு நிறம், வலது பக்கம் முழுக்க மஞ்சள். வெயிலில் வெளிறியிருந்தாலும் நிறம் தெரிந்தது.

சர்வே செய்கிறவர்கள் மரத்தில் துணி கட்டி அடையாளம் வைப்பார்கள். நானே கட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் எவனோ ஒரு நல்லவன் வந்து, வழி பார்த்து, வலது ஓரம் இது, இடது ஓரம் இது என்று அடையாளமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். துணிக்குப் பதில் பட்டு நூல் கட்டியிருந்தது. காஞ்சிபுரத்துக்காரன் போலிருக்கிறது, துணிக்குப் பஞ்சம், பட்டுக்குப் பஞ்சமில்லை என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த நூலை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை. கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. பத்து மணிக்கெல்லாம் கழி நட்டு முடித்துவிட்டு மர நிழலில் படுத்துத் தூங்கினேன்.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவருடைய விறகு டிப்போவில் பத்துப் பேர் நடுவில் என் தோளில் தட்டி, “நெசவுக்காரன் புள்ளப்பா இவன்! ஊடை ஓட்டறாப்ல குறுக்க ஓட்டிட்டான் பாரு ரோட்ட” என்றார். ஊடை என்பது சேலையின் குறுக்கே ஓடும் இழை. ஓட்டத் தெரியாமல் ஓடி வந்தவனுக்கு அந்தப் பாராட்டு. எனக்கு இனித்தது, மறைப்பானேன். ஏரிக்குள் சாலை போட அவர் அனுமதி வாங்கியிருந்தார். கோடை மழை வந்தாலும் லாரி நிற்கக் கூடாது என்று, கரையிலிருந்து முட்டி உயரத்துக்குக் கிராவல் மண் கொட்டச் சொன்னார். மறுநாளே மண் வந்து விழத் தொடங்கியது.

நான்காம் நாள் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். எதிர்ப்பக்கத்து ஊரிலிருந்து அந்த வெளி வழியாகவே, குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டே வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, கருவேலங்கன்றுகள். விரல் நீளம் முளைத்த கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி இடுப்பில் செருகிய கோணியில் போட்டுக்கொண்டிருந்தாள். கிராவல் குவியல் காலில் பட்டதும் நிமிர்ந்தாள்.

“இன்னா மேஸ்திரி, எங்க தடத்துல மண்ணு கொட்டிக்கினு இருக்கீங்க?”

“எந்தத் தடம்மா? இது லாரி போற ரோடு.”

“லாரியா? தெப்பம் போற தடம்பா இது.”

நான் சுற்றிப் பார்த்தேன். வெடித்த தரை. தூரத்தில் இரண்டு ஆடு. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

“தெப்பமா? தண்ணி எங்கம்மா?” என்றேன்.

“ஐப்பசியில வரும். உங்கள கேட்டுக்கினா வரப்போவுது?”

மண் கொட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. “யாரோ சர்வே பண்ணி ரெண்டு பக்கமும் நூல் கட்டி வெச்சிருக்காங்க. பாக்கல நீ?” என்று குரலை உயர்த்தினேன்.

 அவளும் சிரித்தாள்.

“சர்வேயா? நான் கட்டினது அது. எங்க வூட்டுக்காரரு ஐயம்பேட்டையில தறிக்குப் போறாரு. அறுந்து வுழற இழைய மடியில முடிஞ்சிக்கினு வருவாரு. பஸ்ஸுக்கு வரும்போது அரக்கு சோத்துக் கை பக்கம், மஞ்ச பீச்சாங்கை பக்கம். விடிகாலையில பனி மூடிக்கினு இருக்குது, மரமெல்லாம் ஒரே மாதிரி இருக்குது. தடம் தவறிட்டா முள்ளுல மாட்டிக்கணும்ல?”

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்க்கரை மடுவில் மழைக்காலத்தில் தாமரை பூக்கும். விடியுமுன்னே மொட்டும் இலையும் பறித்து, முருக்க மரத் துண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் ஏற்றி, கழியால் ஊன்றிக்கொண்டு இந்தத் தடம் வழியாகக் கரைக்கு வந்து முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். மொட்டு கோயில் வாசல் பூக்கடைகளுக்கு, இலை ஓட்டல்களுக்கு. முதல் பஸ் போய்விட்டால் மொட்டு விலைபோகாது. சுற்றிக்கொண்டு கரைமேல் நடந்தால், ஈர இலைச் சுமையோடு, ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐப்பசி முதல் மாசி வரை அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பூவினால்தான். தடத்தில் கன்று முளைத்தால் மரமாகிவிடும் என்று கோடைதோறும் பிடுங்கிவிடுவாள். அந்த வெளி அவ்வளவு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அவள் முதுகு.

“மண்ணுக்கு அடியில ரெண்டு குழா போட்டுடறோம்மா. தண்ணி போவும்” என்றேன், சமாளித்து.

“தண்ணி போவும். தெப்பம் குழாயில பூருமா?”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது. “எங்கிட்ட எதுக்கு சொல்ற? முதலாளிகிட்ட போய் சொல்லு” என்றேன்.

“கழி நட்டது நீங்கதானே?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குனிந்து அடுத்த கன்றைப் பிடுங்கினாள்.

அவள் போன பிறகு ஒரு மரத்தடியில் போய்க் கிளையை வளைத்து நூலைப் பார்த்தேன். ஜரிகையும் சேர்த்து முறுக்கியிருந்தது. முடிச்சைப் பார்த்ததும் முகம் சூடானது. சேலையின் நீளத்துக்கு ஓடும் பாவு நூல் அறுந்தால் தறியில் போடுகிற முடிச்சு. அப்பா ஒரு நாளைக்கு நூறு தரம் போடுவது, நான் வெறுத்து ஓடி வந்தது. உலகத்தில் எந்த சர்வேக்காரனும் அந்த முடிச்சுப் போட மாட்டான். தறி வீட்டில் பிறந்த நான் அதைப் பார்த்துவிட்டு சர்வே என்று நம்பியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உடனே முதலாளியிடம் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. தோளில் தட்டியவரிடம் போய் நான் சர்வேயே பண்ணவில்லை என்று எப்படிச் சொல்வது? பயம்தான், வேறொன்றுமில்லை. சாலை நாளுக்கு நாள் நீண்டது. அவளும் தினம் வந்தாள். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே வந்து, கிராவல் தொடங்கும் இடத்தில் நின்று, முதுகை நிமிர்த்திவிட்டுத் திரும்பிப் போவாள். மறுநாள் அவள் நிற்கும் இடம் பத்தடி பின்னால் போயிருக்கும். திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் டிப்போவுக்குப் போனேன். முதலாளி எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“முதலாளி, ரோட்ட மாத்தணும்.”

“ஏம்பா, பூமி சக்கரத்த இழுக்குதா?”

அவரே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், என் மானம் தப்பும். தலை பாதி ஆடியும்விட்டது. “இழுக்குதுன்னா இன்னா? ரெண்டு லோடு கருங்கல் கொட்டிட்டு மேல கிராவல போடு” என்று அவரே முடித்தும் விட்டார். பொய்யும் எனக்கு உதவவில்லை. இனி உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

“பூமி இழுக்கல முதலாளி. அது ரோடே இல்ல. அந்த ஊர்ப் பொம்பள ஒருத்தி கோயிலுக்குத் தாமரப்பூ கொண்டாறதுக்குத் தெப்பம் ஓட்ட வெச்சிருக்கற தடம். அவ கட்டின நூல சர்வேன்னு நெனச்சி கழி நட்டுட்டேன்.”

“நீ சர்வே பண்ணல?”

“பண்ணல.”

கோபம் வந்தால் அவர் தெலுங்குக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போய், கால் மணி நேரம் அங்கேயே இருந்தார். எனக்கு அவ்வளவாகப் புரியாது, அதுவரைக்கும் லாபம். தமிழுக்குத் திரும்பியதும் சொன்னார்:

“தாமரப்பூ சாமிக்குப் போறதுன்ற. சரி. வடகரையில ஒரு வாரத்துல லாரி ஓடணும். கொட்டின மண்ண வாரி அங்க போடு. ஓடலன்னா நீ தறிக்கே போயிடு.”

இரண்டு வாரம் என்று நானே கணக்குப் போட்ட வேலை. அந்த ஒரு வாரம் நான் வேலை செய்ததுபோல் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வடகரை முழுக்கப் பத்தடிக்கு ஒரு தரம் குத்திக்கொண்டே நடந்தேன். எருமைகள் எந்த ஓரமாகப் போகின்றன என்று பார்த்தேன். கனமான மிருகம் ஈரத்தில் தானாகவே கெட்டித் தரையைத் தேடிக்கொள்ளும். பாறையை உடைக்காமல் மேல்புறமாக வளைத்தேன். மஞ்சள் பூசிய புற்று ஒன்று குறுக்கே இருந்தது, அதையும் சுற்றிக்கொண்டேன். ஈச்சம்புதர் கை காலெல்லாம் கிழித்தது. ஒரு மத்தியானம் அவள் கோணியோடு அந்தப் பக்கம் வந்து, நான் கழி நட்ட ஒரு இடத்தைக் காலால் தட்டி, “இங்க வாணாம் மேஸ்திரி. ஒரு மழைக்கே சேறாயிடும், எங்க மாடு மாட்டிக்கிச்சி” என்றாள். குத்திப் பார்த்தேன். கடப்பாரை முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. கழியைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டேன்.

எட்டாம் நாள் முதல் லாரி வடகரையில் ஓடியது. ஒரு நாள் தாமதம் என்று முதலாளி முணுமுணுத்தார், தறிக்கு அனுப்பவில்லை. தடத்தில் கொட்டியிருந்த கிராவலைக் கடைசிக் கூடை வரை வாரச் சொன்னேன். வாரி முடித்த அன்றைக்கு அவள் வந்து பார்த்தாள். தடம் பழையபடி வெறுந்தரையாகக் கிடந்தது. விட்டுப்போயிருந்த கடைசித் துண்டில் உட்கார்ந்து கன்றுகளைப் பிடுங்கினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“ரெண்டு பக்கத்து மரமும் நாளைக்கு வெட்டறாங்கம்மா” என்றேன்.

“வெட்டட்டும், வெட்டட்டும். முள்ளு வுழுந்து வுழுந்து கால் புண்ணாயிடுச்சி” என்றாள். “தடம் நல்லா வெளிச்சமா இருக்கும்.”

“ஆமாம்மா” என்றேன் நானும். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனி முடிவதற்குள் ஏரிக்குள் நின்ற அவ்வளவு மரமும் போய்விட்டது. முழுக்கக் குனிந்து வெட்டினால் முதுகு வலிக்கும் என்று ஆட்கள் தொடை உயரத்தில்தான் வெட்டுவார்கள். ஏரி முழுக்க அடிக்கட்டைகள் முளை அடித்தாற்போல் நின்றன. அவற்றுக்கு நடுவே தடம் மட்டும் ஒரு கட்டையும் இல்லாமல், நேராக, கரையிலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிந்தது. நான் காப்பாற்றிக் கொடுத்த தடம் என்று பெருமையாகப் பார்த்துவிட்டு அடுத்த ஏரிக்குப் போனேன்.

அந்த வருஷம் மழை சுமார்தான். ஏரி முக்கால்வாசி நிரம்பியது. கார்த்திகையில் ஒரு நாள், அவள் பூ கொண்டுவருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. பார்க்க என்று சொல்கிறேன். உண்மையில், மேஸ்திரி உங்களால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள், அதைக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். விடிகிற நேரத்துக்குச் சைக்கிளில் போய்க் கரைமேல் நின்றேன்.

பனி படர்ந்திருந்தது. அதற்குக் கீழே ஏரி ஒரே தண்ணீராக, வெறுமையாகக் கிடந்தது. ஒரு மரம் இல்லை. அடிக்கட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தன, சில விரற்கடை ஆழத்தில்தான். தடம் எங்கே என்று பார்த்தேன். இங்கே என்று தோன்றியது, உடனே அங்கே என்று தோன்றியது. தண்ணீரில் தடம் ஏது? மரங்கள் நின்றதனால்தான் அது தடம். நூல் கட்டியிருந்த மரங்கள் எல்லாம் எங்கள் லாரியில் ஏறி, எப்போதோ அடுப்பில் சாம்பலாகிவிட்டன.

வெகுநேரம் கழித்து அவள் தெப்பம் தெரிந்தது. ஊன்றித் தள்ளும் கழியால் முன்னால் குத்தித் தடவிக்கொண்டு, ஒரு தெப்ப நீளம் வந்து, நின்று, மறுபடி தடவி வந்துகொண்டிருந்தாள். நடுவில் கட்டையில் மோதி தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இலைக்கட்டு ஒன்று தண்ணீரில் விழுந்தது. அவள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை எடுத்துப் போட்டாள். எனக்குப் பின்னால் ரோட்டில் முதல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பழக்கப்பட்டவர் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் நிறுத்திக்கூட வைத்தார். நான் கையைக் காட்டி, “வந்துக்கினு இருக்காங்க, வந்துக்கினு இருக்காங்க” என்று கத்தினேன். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். தெப்பம் இன்னும் பாதித் தூரத்தில் இருந்தது. பஸ் போய்விட்டது.

அவள் கரையேறி வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. கூடையைக் கீழே வைத்தாள்.

“தெனம் இப்படித்தானாம்மா?”

“வாரத்துல ரெண்டு நாள் பஸ் கெடைக்குது” என்றாள். என்னைக் குறை சொல்லும் குரலே இல்லை. “தடம் இருக்குது மேஸ்திரி. எங்க இருக்குதுன்னுதான் தெரியல. நானும்தானே வெட்டட்டும்னு சிரிச்சேன்.”

அவள் கத்தியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்கு அதைவிட வலித்தது. காய்ந்த தரையைப் பார்த்து ஒரு தரம் ஏமாந்தேன் என்றால் சரி. அதே தரையைப் பார்த்து இரண்டாம் தரமும் ஏமாந்திருக்கிறேன், அதுவும் பெருமைப்பட்டுக்கொண்டே. கூடையைத் தூக்கிச் சைக்கிள் கேரியரில் கட்டினேன். இலைக்கட்டை முன்னால் தொங்கவிட்டேன். எந்தக் கடைகள் என்று கேட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு மூச்சிரைக்க மிதித்தேன். கோயில் வாசல் பூக்கடைக்காரர் மொட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலைப் பூசை ஆகிவிட்டது என்று பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். மீதியை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பா என்ன விசேஷம் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழுந்து கிடந்த அறுந்த இழைகளைப் பொறுக்கினேன். நான் தறிப் பக்கம் வந்ததே அவருக்கு அதிசயம். அரக்கும் மஞ்சளும் தனியாகப் பிரித்து, ஜரிகை சேர்த்து முறுக்கி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டேன். டிப்போவில் மூங்கில் கழிகள் வேண்டும் என்றேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் நேராக விழுந்து தண்ணீருக்குள் ஓரளவு கண் தெரிகிற நேரம், அவள் தெப்பத்தை ஓட்டினாள். பின்னால் கழிக்கட்டின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது, அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் கழியால் தடவிக் கட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பாள். அதற்கு ஒரு முழம் தடத்துப் பக்கமாக மூங்கிலை இறக்கி, இரண்டு பேரும் தொங்கி அழுத்திச் சேற்றில் ஊன்றுவோம். பிறகு நான் இழையைக் கட்டுவேன். அரக்கு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். முடிச்சு மறந்திருக்கும் என்று நினைத்தேன், விரல் மறக்கவில்லை. கரையிலிருந்து மேடு வரைக்கும் வர மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மேட்டைத் தாண்டினால் மடுப் பக்கம் ஆழம், கட்டை தெப்பத்துக்கு எட்டாது.

கடைசி நாள் மேட்டுப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தோம். தண்ணீரின் மேல் இரண்டு வரிசையாகக் கழிகள், ஒவ்வொன்றின் தலையிலும் இழை. நடுவில் லாரி அகலத்துக்கு ஒரு வழி, நேராகக் கரை வரைக்கும் போனது. அவள் நெற்றியில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. கோடையில தண்ணி வத்தினதும், இதப் பாத்துட்டு இன்னொரு மேஸ்திரி ரோடு போட வந்துட்டாருன்னா?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையில் மிச்சம் ஒரே ஒரு அரக்கு இழை இருந்தது. அதை எடுத்துக் கடைசிக் கழியில் கட்டினேன்.